பாதி மாணவர், பாதி பணியாள்: அமெரிக்க டிரக் நிறுவனப் பயிற்சியைப் பற்றி

அமெரிக்காவில் டிரக் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் என்னை மாணவர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் நான் பணியாளர் ஆகியிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் கடன்பட்டவர் ஆகிவிட்டேன். சட்ட ஆவணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி அன்று வேகமாகப் புரட்டிவிட்டேன். அடுத்து வந்த மாதங்களில் ஏன் இப்படி நடத்துகிறார்கள், ஏன் இதற்குக் கூலி இல்லை, ஏன் இன்று கற்றுத்தருவதற்கு யாருக்கும் நேரமில்லை என்று நான் குழம்பிய ஒவ்வொரு முறையும் விடை அந்த மூன்று சொற்களிலேயே இருந்தது. இத்தொழிலுக்கு வர நினைக்கும் நண்பர்கள் சிலர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

வணிக ஓட்டுநர் உரிமம் பெற இங்கே இரண்டு வழிகள் உண்டு. தனியார் பள்ளியிலோ சமுதாயக் கல்லூரியிலோ சொந்தப் பணம் கட்டிப் படிப்பது ஒன்று. பெரிய சரக்கு நிறுவனம் ஒன்று படிக்க வைக்க, அதற்கு ஈடாக அந்நிறுவனத்திலேயே குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓராண்டு, வேலை செய்வது மற்றொன்று. இரண்டாவதை விளம்பரங்கள் இலவசப் பயிற்சி என்று சொல்லும். அது இலவசம் அன்று, முன்பணம். இடையில் விலகினால் சில ஆயிரம் டாலர்களைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். சிறிய நிறுவனங்கள் பல, காப்பீட்டு நிறுவனங்களின் நிபந்தனையால், ஓரிரு ஆண்டு அனுபவம் இல்லாதவரை வேலைக்கு எடுப்பதில்லை. ஆகவே கையில் புதிய உரிமத்தோடு நிற்பவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைவு என்பதும், அக்கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதும் பேரத்தின் அடிப்படை.

கையெழுத்திடும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நான்கு. கடன் தொகை மாதந்தோறும் குறைகிறதா, அல்லது கடைசி நாள் வரை முழுமையாக நிற்கிறதா? நிறுவனமே என்னை நீக்கினால் கடன் என்ன ஆகும்? உரிமத் தேர்வில் தோற்றால் எத்தனை முறை மீண்டும் எழுத விடுவார்கள், அதற்குரிய செலவு யாருடையது? சாலைப் பயிற்சிக் காலத்து ஊதியம் வாரக் கணக்கா, மைல் கணக்கா? ஆள்சேர்ப்பவர் தொலைபேசியில் இனிமையாகப் பதில் சொல்வார். அப்பதில் ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்டால் குரல் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

பேருந்துப் பயணச்சீட்டு அனுப்பி, விடுதியில் இருவருக்கு ஓர் அறை என்று தங்க வைத்து, அறிமுக வகுப்பைத் தொடங்குவார்கள். முதல் இரண்டு நாள்கள் வடிகட்டும் நாள்கள். மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணுக்கும், கண்ணாடி அணிந்தேனும், 20/40 பார்வை வேண்டும். ஐந்தடி தள்ளி நின்று ஒருவர் அழுத்திக் கிசுகிசுப்பது காதில் விழ வேண்டும். இரண்டு ஆண்டுக்கான முழுச் சான்று பெற இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருக்க வேண்டும். என் அறைத்தோழருக்கு 180/110-ஐத் தாண்டி நின்றது. பதினெட்டு மணி நேரம் பேருந்தில் வந்தவர், மறுநாள் அதே பேருந்தில் திரும்பினார். வீட்டிலிருந்து கிளம்பும் முன் சொந்த மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் இல்லை. போதைப்பொருள் சோதனையைப் பற்றி ஒன்று: கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும், கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் சோதனையில் அது தெரிந்தால் தோல்விதான். அந்தத் தோல்வி 2020 ஜனவரி முதல் இயங்கும் தேசியப் பதிவகத்தில் ஏறிவிடும். அடுத்து வேலை கேட்டுப் போகும் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பார்க்கும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் முதலில் தயங்குவது அதற்குத்தான். சாலைப் பலகைகளைப் படிக்கவும், அதிகாரியின் கேள்விக்கு விடை சொல்லவும், ஆவணங்களை நிரப்பவும் போதுமான ஆங்கிலம் வேண்டும் என்பது நெடுநாளாக இருக்கும் விதி. 2025 ஜூன் 25 முதல் சாலையோரச் சோதனையில் அது இல்லையென்று கண்டால் ஓட்டுநரை அங்கேயே பணியிலிருந்து நிறுத்தி வைக்கிறார்கள். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. பதற்றத்தில் வாய் அடைத்துப்போவதுதான் ஆபத்து. எடைமேடையில், அதாவது சரக்கு வண்டிகளை நிறுத்தி எடை பார்த்துச் சோதிக்கும் இடத்தில், என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது வீண் வேலை அன்று.

கற்போர் அனுமதிக்கான எழுத்துத் தேர்வுகளை, அதாவது பொது அறிவு, ஏர் பிரேக், இணைப்பு வாகனம் ஆகிய மூன்றையும், மாநிலத்தின் கையேட்டை இரண்டு முறை ஒழுங்காகப் படித்த எவரும் கடந்துவிடலாம். அனுமதி கையில் வந்த நாளிலிருந்து 14 நாள்கள் கழியாமல் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியாது. 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக இவ்வுரிமம் பெறுவோர் கூட்டாட்சிப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் கற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயம்; கோட்பாட்டுப் பகுதியில் 80 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி எந்த எண்ணையும் சொல்வதில்லை. திறமை வந்துவிட்டது என்று பயிற்றுநர் கருதினால் போதும். அந்த ஒரு வாக்கியத்தின் இடைவெளியில்தான் நல்ல பள்ளியும் அவசரப் பள்ளியும் பிரிகின்றன.

எங்கள் மைதானத்தில் நான்கு பேருக்கு ஒரு வண்டி. ஒரு நாளில் நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்த நேரத்தைவிட வெயிலில் நின்ற நேரம் மூன்று மடங்கு. முதல் வாரம் அதற்காக எரிச்சலடைந்தேன். பிறகு, மற்றவர் பின்னோக்கி வரும்போது வெளியே நின்று பார்ப்பதிலேயே டிரெய்லரின் குணம் பிடிபடுகிறது என்பதைக் கண்டேன். உள்ளே அமர்ந்தவருக்குக் கண்ணாடியில் ஒரு விளிம்பு மட்டுமே தெரியும். வெளியே நிற்பவருக்கு முழு வண்டியும் எங்கே மடிகிறது, எப்போது நேராகிறது என்பது தெரியும்.

புறப்படுமுன் வண்டியைச் சோதிக்கும் தேர்வைப் பலர் மனப்பாடச் சடங்காக நினைக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, பெயரைச் சொல்லி, விரிசல் இல்லை, வளையவில்லை, உடையவில்லை, உறுதியாகப் பொருந்தியிருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி வர வேண்டும். முன் டயரின் பள்ளம் ஓர் அங்குலத்தை 32 பங்காக்கினால் அதில் நான்கு பங்கு, மற்ற டயர்களில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஏர் பிரேக் சோதனையில் ஒரு படி தவறினாலும் அன்றைய தேர்வு முடிந்தது. இயந்திரத்தை நிறுத்தி, மிதியை அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் நான்கு பி.எஸ்.ஐ.-க்கு (காற்றழுத்த அலகு) மேல் காற்று இறங்கக் கூடாது. தொடர்ந்து மிதித்துக் காற்றை வெளியேற்றினால் 60-ஐ ஒட்டி எச்சரிக்கை ஒலி வர வேண்டும். இன்னும் மிதித்தால் 20-க்கும் 45-க்கும் இடையே, வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக்கின் குமிழ்கள் தாமாக வெளியே துள்ள வேண்டும். இதன் காரணத்தை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நான் பின்னர்தான் புரிந்துகொண்டேன். நிறுத்தப் பிரேக்கைப் பூட்டுவது காற்று அன்று, வலிமையான சுருள்வில். வில்லை அடக்கி வைத்திருப்பதுதான் காற்றின் வேலை. காற்றுப் போனால் வில் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை அறிந்தபின் அந்த மனப்பாட வரிகள் எனக்கு மறக்கவே இல்லை.

பின்னோக்கிச் செலுத்துவதை ஒரு மாதத்தில் யாரும் கற்றுவிட முடியாது. 53 அடி டிரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பியது உடனே தெரியாது, தெரியும்போது அளவு மீறியிருக்கும். புதியவர் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: போதவில்லை என்று மேலும் திருப்புவார், பிறகு மீட்க முடியாமல் வண்டி மடங்கிவிடும். தேர்வில் சில முறை முன்னால் இழுத்துச் சரிசெய்யவும், இறங்கிப் பார்க்கவும் இடம் தருகிறார்கள். அதைப் பயன்படுத்துவது வெட்கம் என்று எண்ணியே எங்கள் குழுவில் இருவர் தோற்றார்கள். தானியங்கி கியர் வண்டியில் தேர்வு எழுதினால், மிதிக்கட்டை கிளட்ச் உள்ள வண்டியை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்தில் பதிவாகும். இன்று பெருநிறுவன வண்டிகள் பெரும்பாலும் தானியங்கியாக இருப்பதால் அது உடனடித் தடையாக இருப்பதில்லை.

உரிமம் கிடைத்த அன்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். உண்மையான பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதைப் பற்றித்தான் விளம்பரங்கள் மிகக் குறைவாகப் பேசுகின்றன. முன்பின் அறியாத ஒருவரோடு, ஒரு சிறு குளியலறை அளவே உள்ள கேபினில், மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகளில், நான்கு முதல் ஆறு வாரங்களோ அதற்கு மேலுமோ வாழ வேண்டும். சில நிறுவனங்கள் இதை வாரத்தால் அளக்கின்றன, சில ஓட்டிய மணியால், சில மைலால். பள்ளியின் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்று கூட்டாட்சி விதி கேட்கிறது. ஆனால் உரிமம் பெற்ற பின் உங்களைச் சாலைக்கு அழைத்துச் செல்லும் பயிற்றுநர் நிறுவனத்தின் விருப்பம்; ஓராண்டு நிறையாதவர்களையும் சில நிறுவனங்கள் இப்பணியில் அமர்த்துகின்றன.

பயிற்றுநருக்கு எப்படிக் கூலி கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில், மாணவர் ஓட்டும் மைலும் பயிற்றுநர் கணக்கில் சேர்கிறது. விதிப்படி ஓர் ஓட்டுநர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பின், பணி தொடங்கியதிலிருந்து எண்ணும் 14 மணி நேரச் சாளரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின் அரை மணி இடைவெளி வேண்டும். எட்டு நாள்களில் மொத்தப் பணி 70 மணியைத் தாண்டக் கூடாது. தனியாள் ஓட்டும் வண்டி அதனால் நாளின் பாதிக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். அதே வண்டியில் உரிமம் பெற்ற மாணவர் ஒருவர் இருந்தால், ஒருவர் உறங்க மற்றவர் ஓட்ட, வண்டி ஏறக்குறைய நாள் முழுவதும் ஓடும். கற்றுக்கொடுக்க வேண்டியவர் படுக்கையில் தூங்குகிறார், கற்க வேண்டியவர் நள்ளிரவில் தனியே ஓட்டிக்கொண்டிருக்கிறார், நிறுவனத்தின் சரக்கோ இரட்டை வேகத்தில் போய்ச் சேர்கிறது. எத்தனை நாள் பயிற்றுநர் விழித்து அருகில் அமர்ந்திருப்பார் என்ற கேள்வி, மற்ற எல்லாக் கேள்விகளையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் கிளீனராகச் சேர்ந்து ஓட்டுநர் ஆனவர்களுக்கு இந்த இரட்டை நிலை புதிதன்று. ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கல்வி என்று சொல்லிக் கடன் எழுதி வாங்கவில்லை.

என் பயிற்றுநர் முதல் பத்து நாள்கள் உறங்காமல் அருகில் அமர்ந்திருந்தார். அது அவருடைய நல்ல குணம், நிறுவனத்தின் விதி அன்று. இதை அவரே சொன்னார். என் நண்பர் ஒருவருக்கு மூன்றாம் இரவே பயிற்றுநர் படுக்கைக்குப் போய்விட்டார், மழையில், முன்பின் அறியாத சாலையில். இத்தகைய நிலையில் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, என்னால் இன்று இதற்கு மேல் முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உடல்நிலையோ களைப்போ கவனத்தைக் குலைக்கும்போது ஓட்டக் கூடாது என்பதும், ஓட்டச் சொல்லி நிறுவனம் வற்புறுத்தக் கூடாது என்பதும் சட்டமே. பயிற்றுநர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம். சில நாள்கள் விடுதியில் காத்திருக்க நேரும், அதற்குக் கூலி வராமலும் போகலாம், இருந்தும் கேட்பது மேல்.

பெண்களுக்கு இக்கட்டம் இன்னும் கடினமானது. பெண் மாணவர்களைப் பெண் பயிற்றுநரிடம் மட்டுமே அனுப்புவது என்று ஒரு பெரிய நிறுவனம் வைத்திருந்த வழக்கம், பெண்களை மட்டும் நெடுங்காலம் காத்திருக்க வைத்ததால், பாகுபாடு என்று 2014-இல் மிசூரியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. சட்டத்தின் பார்வையில் அது சரியான தீர்ப்பு. ஆனால் அந்நிய ஆணோடு ஒரே கேபினில் வாரக்கணக்கில் உறங்க வேண்டிய பெண்ணின் அச்சத்துக்கு அதில் விடை இல்லை. இரவுகளில் விடுதி அறை தருவார்களா, புகார் சொன்னால் அன்றே வண்டியிலிருந்து இறக்கி அழைத்துச் செல்வார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவதே நடைமுறை வழி.

ஊதியத்தைப் பொறுத்தவரை, பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு நிலையான தொகை தருவது வழக்கம். தனியாக ஓட்டத் தொடங்கியதும் மைலுக்கு இத்தனை சென்ட் என்று மாறும். மாநிலங்களுக்கிடையே சரக்கு ஓட்டுபவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் மிகைநேர ஊதிய விதி பொருந்தாது. கிடங்கில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அது உங்கள் 14 மணி நேரச் சாளரத்தைத் தின்னும், பல வேளைகளில் பையில் ஒன்றும் சேர்க்காது. பயிற்சிக் காலத்தில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டியும் கூலியே கிடைக்கவில்லை என்று ஓர் ஓட்டுநர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தத் தொழிலாளர் என்று பெயரிடப்பட்ட போக்குவரத்துப் பணியாளரையும் நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கைத் தீர்க்கும் தனியார் நடுவர் முறைக்குப் போகும்படி கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 ஜனவரியில் அந்நீதிமன்றம் சொன்னது. கூலி எவ்வளவு என்பதை அது தீர்மானிக்கவில்லை. எங்கே போய் முறையிடலாம் என்பதை மட்டுமே தீர்மானித்தது. ஒப்பந்தத்தில் நடுவர் பற்றிய பத்தி இருந்தால் அதையும் படியுங்கள்.

குறைகளை இவ்வளவு சொன்னபின், நல்ல பயிற்றுநர் தருவது எதுவென்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை எந்தப் பள்ளியும் தராது. மொத்த எடை 80,000 பவுண்டுக்குள் இருந்தால் மட்டும் போதாது, டிரெய்லரின் இரட்டை அச்சில் 34,000-ஐ மீறக் கூடாது. மீறினால் சக்கரத் தொகுதியைத் துளை துளையாக நகர்த்தி எடையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ள வேண்டும். எந்தத் துளை எவ்வளவு எடையை நகர்த்தும் என்பதை எடைமேடையின் ஓரத்தில், பனியில், கையுறையோடு நின்று கற்றேன். கார் ஓட்டுபவருக்கான வழிகாட்டிச் செயலி பாலத்தின் உயரத்தை அறியாது என்பதையும் என் பயிற்றுநர்தான் சொன்னார். நம் டிரெய்லர் 13 அடி 6 அங்குலம். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமுள்ள ரயில் பாலம் ஒன்று எத்தனையோ வண்டிகளின் கூரையை உரித்து, 2019-இல் எட்டு அங்குலம் உயர்த்தப்பட்டது. உயர்த்திய பின்னும் நம் வண்டி அதன் கீழ் நுழையாது.

ஓரிகானில் பெண்டில்டனுக்கு அருகே, 84-ஆம் நெடுஞ்சாலையின் மலைச்சரிவில் அவர் எனக்குக் கற்றுத்தந்த அரை மணி நேரத்தை, பள்ளியில் கழித்த மூன்று வாரங்களுக்கு ஈடாகச் சொல்வேன். ஆறு விழுக்காட்டுச் சரிவு, ஏறத்தாழ ஆறு மைல், நடுவே கூரிய வளைவுகள். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியரில், இயந்திரத்தைக் கொண்டே வேகத்தை அடக்கும் இயந்திரப் பிரேக்கோடு இறங்கத் தொடங்க வேண்டும். வேகம் உங்கள் வரம்பைத் தொட்டதும் ஐந்து மைல் குறையும் வரை ஏறக்குறைய மூன்று விநாடி அழுத்தமாக மிதித்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. இது கையேட்டில் அச்சிட்டே இருக்கிறது. நானும் படித்துத் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன். இருந்தும் முதல் வளைவில் என் கால் மிதியை விட்டு எழவே இல்லை. அவர் கத்தவில்லை. "காலை எடு, வண்டி உன் பேச்சைக் கேட்கும்" என்று மட்டும் சொன்னார், மூன்று முறை, ஒரே குரலில்.

ஆறாம் வாரம் நிறுவனத்தின் இறுதித் தேர்வு முடிந்து எனக்கென ஒரு வண்டி தந்தார்கள். முதல் சரக்கை ஒரு கிடங்கில் இரவு இரண்டு மணிக்குச் சேர்த்தேன். எனக்கு ஒதுக்கிய இடம் இரு டிரெய்லர்களுக்கு நடுவே, விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் இறங்கி, பின்னால் நடந்து பார்த்து, மீண்டும் ஏறினேன். எட்டு முறை இறங்கினேன் என்று நினைக்கிறேன். எதிரே காத்திருந்த ஓட்டுநர் ஒருவர் ஹாரனை அழுத்தாமல் விளக்கை மட்டும் தணித்துக்கொண்டார். டிரெய்லரின் முதுகு மேடையைத் தொட நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்துக்குக் கூலி கிடையாது, ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் மீதி இருந்தது.